ஓரகடத்திலிருந்து மிச்சிகனுக்கு: ஒரு எல்-1 விசாவின் 92 நாள்

2018 டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போயிருந்த எங்கள் நிறுவனப் பொறியாளர். கான்சுலேட்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பதால் வெளியே ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் திரும்ப வாங்கியதும் முதல் அழைப்பு எனக்குத்தான்.

"மேடம், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கூடவே ஒரு தாளும் கொடுத்திருக்காங்க."

"தாள்ல என்ன நம்பர் போட்டிருக்கு?"

"இருநூத்து இருபத்தொண்ணு ஜி."

221(ஜி) என்றால் விசா இப்போதைக்கு இல்லை, இன்னும் ஆவணங்கள் வேண்டும் என்று பொருள். அந்த நிறுவனத்தில் வெளிநாட்டுப் பணிமாற்ற விவகாரங்களை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட வாகன உதிரிபாக நிறுவனம். இங்கே ஓரகடத்தில் தொழிற்சாலை. அந்தப் பொறியாளரை 18 மாதத் தற்காலிகப் பணிமாற்றத்தில் மிச்சிகன் ஆலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவர் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். அன்று தவறு நடந்தது அவரிடமில்லை, நேர்காணல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கான்சுலேட் அதிகாரியிடமும் இல்லை. பெரும்பகுதி என் மேசையில் நடந்தது.

எதற்கான அனுமதி

எல்-1 என்பது ஒரே நிறுவனக் குழுமத்துக்குள் நாடு மாறி வேலை செய்பவர்களுக்கான விசா. 1970-ல் வந்தது. மேலாளர்கள் எல்-1ஏ-வில் அதிகபட்சம் 7 ஆண்டு இருக்கலாம், சிறப்பறிவு உள்ளவர்கள் எல்-1பி-யில் 5 ஆண்டு. எச்-1பி வேலை விசா போல ஆண்டு உச்சவரம்பு கிடையாது, குலுக்கல் கிடையாது. கடந்த 3 ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக ஓர் ஆண்டாவது அதே குழுமத்தில் அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்த்திருக்க வேண்டும். நம் பொறியாளர் 2012-லிருந்து இருக்கிறார், ஆகவே அதில் சிக்கல் இல்லை.

சாதாரணமாக, நிறுவனம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக யுஎஸ்சிஐஎஸ் என்னும் குடிவரவுத் துறையிடம் மனுப் போட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. அமெரிக்கக் கிளைகளின் ஆண்டு விற்பனை சேர்ந்து இரண்டரைக் கோடி டாலர், அல்லது அங்கே ஆயிரம் ஊழியர்கள், அல்லது முந்தைய 12 மாதங்களில் 10 எல் ஒப்புதல்கள் என்று ஏதாவது ஒன்று இருந்தால் மொத்தமாக ஒரு 'பிளாங்கெட்' ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு ஊழியர் ஐ-129எஸ் படிவத்தோடு நேராக விசா நேர்காணலுக்குப் போய்விடலாம். 2011 டிசம்பரில் இந்தியா முழுவதற்குமான பிளாங்கெட் எல் விண்ணப்பங்களைச் சென்னைக்கே ஒதுக்கினார்கள். குர்கான்காரரும் புனேக்காரரும் விமானம் ஏறி வந்து ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஓரகடத்துக்காரருக்கு அந்த மட்டில் பஸ் செலவோடு போயிற்று.

குறுக்குவழி என்பதால் அதில் ஒரு முள்ளும் உண்டு. மனுவைப் பரிசீலித்து முடிவெடுப்பவர் ஜன்னலில் இருக்கும் அதிகாரியே. அவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பார்த்த மாத்திரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால் மட்டுமே பிளாங்கெட்டில் ஒப்புதல் தரலாம் என்பது விதி. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் 'இல்லை' என்று சொல்வதுதான் அவர் வேலை. இதை நான் அவரிடம் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். "சும்மா ரெண்டு கேள்விதான் கேப்பாங்க, தைரியமா போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கவலைப்பட்டதெல்லாம் வேறு

அந்த மாதம் முழுக்க அவர் தூங்காததற்கு என்னென்ன காரணம் என்று பின்னால் உட்கார்ந்து பேசியபோது பட்டியலே போட்டார். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

2016-ல் கம்பெனி வேலையாக 40 நாள் ஜெர்மனி போயிருந்தார். அதனால் தொடர்ச்சி அறுந்துவிட்டதோ என்று ஒரு பயம். ஜெர்மனியும் அமெரிக்காவுக்கு வெளியேதானே, அதே குழுமத்துக்கான வேலைதானே! அமெரிக்காவில் கழித்த நாட்களை மட்டும்தான் அந்த ஓராண்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அப்புறம் பெயர். சான்றிதழில் 'எஸ்.' என்று முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. நம்மூரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். அந்த ஜன்னலில் இருப்பவர்கள் தினமும் பார்ப்பதும் இதுதான்.

நேர்காணலுக்கு அவர் எடுத்துப் போன கோப்பில் தென்காசிப் பக்கத்து நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று, அப்பாவின் பென்ஷன் புத்தகம், ஆறு மாத வங்கிக் கணக்கு எல்லாம் இருந்தன. திரும்பி வருவேன் என்று நிரூபிப்பதற்காகவாம். சுற்றுலா விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் அந்தக் கேள்வி உண்டு, அந்தச் சட்டப்பிரிவின் எண் 214(பி). எல் விசாவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வில்லங்கச் சான்றுக்காக ஒரு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தாராம்.

இதையெல்லாம் விடப் பெரிய பூதம் ஒரு எண். 2012 முதல் 2014 வரை இந்தியர்களுக்கான எல்-1பி மனுக்களில் 56 சதவீதம் நிராகரிக்கப்பட்டன, மற்ற எல்லா நாட்டவர்க்கும் சேர்த்துப் பார்த்தால் 13 சதவீதம்தான் என்று அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று 2015-ல் வெளியிட்ட கணக்கு. அதை எங்கேயோ படித்துவிட்டார். எண் பொய்யில்லை. ஆனால் அது அமெரிக்காவில் யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் போட்ட தனி மனுக்களின் கணக்கு, சென்னை ஜன்னலின் கணக்கு அல்ல. தவிர, அந்த அறிக்கைக்குப் பிறகு 2015 ஆகஸ்ட் 31 முதல் சிறப்பறிவுக்கு ஒரு புதிய வழிகாட்டுதல் நடைமுறைக்கு வந்தது. அந்த அறிவு நிறுவனத்தின் ரகசியமாகவோ உலகில் வேறு யாருக்குமே தெரியாததாகவோ இருக்க வேண்டியதில்லை. துறையில் சாதாரணமாக இருப்பதைவிட மாறுபட்டது, அல்லது நிறுவனத்துக்குள்ளேயே மற்றவர்களைவிட மேலானது என்று காட்டினால் போதும் என்றது அது. 56-ஐ எல்லோரும் பகிர்ந்தார்கள். இதை யாரும் பகிரவில்லை.

நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மனைவி, ஐந்து வயது மகளோடு விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் விசா கணபதி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, நானும் போயிருக்கிறேன்.

ஜன்னலில் நடந்தது

அவர் நினைவிலிருந்து சொன்னதை அப்படியே தருகிறேன். பேசியது ஆங்கிலத்தில்.

"அங்கே போய் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?"

"எங்கள் நிறுவனத்தின் பிரத்யேக நடைமுறைகளிலும் கருவிகளிலும் எனக்கு மேம்பட்ட சிறப்பறிவு இருக்கிறது. அதை அமெரிக்கக் குழுவுக்கு—"

"சரி, சரி. திங்கட்கிழமை காலை ஆலைக்குள் போனால் என்ன செய்வீர்கள்?"

"லீக் டெஸ்டிங்."

"உங்கள் சென்னை ஆலையில் எத்தனை பேர் லீக் டெஸ்டிங் செய்கிறார்கள்?"

"முப்பது பேர்."

"புதிதாக ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நாளாகும்?"

"இரண்டு வாரம்."

அதோடு முடிந்தது. தாள் வந்தது.

இரண்டு பதிலும் உண்மை, அதுதான் கொடுமை. இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர்கள் மூன்று ஷிப்டிலும் சேர்த்து முப்பது பேர். குழாயை மாட்டி, பொத்தானை அமுக்கி, பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று பார்ப்பவர்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். ஆனால் எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லித்தருபவர்கள் குழுமம் முழுவதிலும் இரண்டே பேர். இவர் ஒருவர், இவருக்குக் குருவாக இருந்து ஓய்வுபெறும் நிலையில் இருந்தவர் இன்னொருவர். அதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் வெட்டப்பட்டதும் தடுமாறிப்போனவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

அவர் விண்ணப்பத்துக்காக நிறுவனத்தின் சார்பில் நான் எழுதியிருந்த சப்போர்ட் லெட்டரை அன்று மாலை எடுத்துப் படித்தேன். சாஃப்ட்வேர் பிரிவுக்காரர் ஒருவருக்கு முன்பு எழுதியதைத் திருத்தி இவருக்குப் போட்டிருந்தேன். 'சிறப்பறிவு' என்ற சொல் நான்கு பக்கத்தில் பதினான்கு இடத்தில் வருகிறது. 'ஒருங்கிணைப்பார்', 'வழிநடத்துவார்', 'அறிவைப் பகிர்வார்' எல்லாம் இருக்கிறது. குழாய் என்ற சொல் ஒரு தடவை. காற்றழுத்தம் என்ற சொல் இல்லவே இல்லை.

அவருக்குத் தெரிந்தது என்ன

இங்கே கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும். நானே இதைக் கற்றுக்கொண்டது டிசம்பர் 12 அன்று, ஷாப் ஃப்ளோரில் அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு.

கார் ஏசிக்கான அலுமினியக் குழாய்கள். இணைப்புகளைப் பற்றவைத்து முடித்ததும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு முனையையும் அடைத்து, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி, வால்வை மூடிவிட்டு, சில விநாடி காத்திருந்து அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்கள். குறைந்தால் கசிவு. கேட்க எளிதாக இருக்கிறது.

ஆனால் பற்றவைத்த சூடு முழுக்க ஆறாத குழாயை மாட்டினால், அளக்கும் நேரத்தில் அது ஆறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். ஓட்டையே இல்லாத குழாய்க்குச் சிவப்பு விளக்கு எரியும். ஓரகடத்தில் ஆரம்ப காலத்தில் நல்ல குழாய்களை இப்படிக் கழித்துக்கட்டியிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறானது குளிர்நாட்டில் நடக்கும். லாரியிலிருந்து இறங்கி, இரவெல்லாம் விறைத்துக் கிடந்த குழாயை வெதுவெதுப்பான ஆலைக்குள் கொண்டுவந்து மாட்டினால், சோதனை நேரத்தில் அது சூடேறும். உள்ளே காற்று விரியப் பார்க்கும், அழுத்தம் ஏறும். நிஜமாகவே கசிகிற குழாயில் இறங்க வேண்டிய அழுத்தத்தை இந்த ஏற்றம் ஈடுகட்டிவிடும். ஓட்டைக் குழாய்க்குப் பச்சை விளக்கு.

"முதல்ல சொன்னது நஷ்டம் மேடம். ரெண்டாவது சொன்னதுதான் ஆபத்து. அது காருக்குள்ள போயிடும்" என்றார்.

குழாயின் சூட்டையும் ஆலையின் சூட்டையும் பார்த்து, எத்தனை விநாடி காத்திருப்பது, எவ்வளவு சரிவைக் கழிவாக எடுத்துக்கொள்வது என்று இயந்திரத்துக்குள் ஒரு கணக்கை ஏற்றி வைத்திருந்தார்கள் இவரும் அவர் குருவும். ஆறு வருட உழைப்பு அது. அந்த இயந்திரத்தைத்தான் மிச்சிகனில் நிறுவப்போகிறார்கள். குளிர்காலத்துக்கு அந்தக் கணக்கை மறுபடி எழுதுவதுதான் திங்கட்கிழமை காலை அவர் செய்யப்போகும் வேலை.

இதில் கால்வாசியை ஜன்னலில் சொல்லியிருந்தால்கூடப் போதும். 'ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டேன். "அவங்களுக்கு இது புரியுமான்னு நெனச்சேன். லெட்டர்ல இருக்கற மாதிரியே சொல்லணும்னு வேற நீங்க சொன்னீங்க." ஆமாம், சொல்லியிருந்தேன்.

44 நாள்

221(ஜி) தாளில் கேட்டிருந்தபடி நிறுவன அமைப்பு வரைபடம், விரிவான பணி விவரம், பயிற்சிக் குறிப்புகள் எல்லாவற்றையும் டிசம்பர் 18-ல் கொடுத்தோம். அதன் பிறகு காத்திருப்பு. இணையத்தில் அவர் விண்ணப்ப நிலையைத் திறந்தால் 'நிர்வாகப் பரிசீலனையில்' என்று வரும். ராத்திரி இரண்டு மணிக்கும் திறந்து பார்ப்பாராம். அமெரிக்காவில் அப்போது பகல், ஏதாவது மாறியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அவர் கோப்பு இருந்ததோ சென்னையில், அந்த நேரத்தில் சென்னை தூங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 22-ல் அமெரிக்க அரசின் ஒரு பகுதி நிதி ஒதுக்கீடு இல்லாமல் இழுத்து மூடப்பட்டது. 35 நாள் நீடித்தது அந்த முடக்கம். "என் கோப்பு உள்ளயே மாட்டிக்கிச்சு" என்று முடிவே கட்டிவிட்டார். விசாப் பணி விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்தில் நடப்பது, அதனால் நிற்கவில்லை. யுஎஸ்சிஐஎஸ்ஸும் அப்படித்தான். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார்.

உண்மையான பாதிப்பு வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 21-ல் வேலையில் சேர வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் நாங்கள் தேதி போட்டிருந்தோம். அதை நம்பி, தாம்பரத்தில் குடியிருந்த வீட்டுக்கு டிசம்பரிலேயே நோட்டீஸ் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் அடுத்த குடித்தனம் வந்துவிட்டது. ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் விற்றாயிற்று. மூன்று பேரும் செங்கல்பட்டில் மாமனார் வீட்டு ஹாலில், நான்கு பெரிய சூட்கேஸ்களுக்கு நடுவே. வழியனுப்பத் தென்காசியிலிருந்து வந்த அம்மா பருப்புப் பொடியும் இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சலும் செய்து கொண்டுவந்திருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு தினமும் சாயங்காலம் போன்: "விசா வந்துட்டாய்யா?" பொங்கல் கழிந்து ஒரு பாட்டிலைத் திறந்து அவர்களே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கணக்கு டீச்சராக இருந்த மனைவி, தனியார் பள்ளியில் பார்த்த வேலையை டிசம்பர் கடைசியில் ராஜினாமா செய்திருந்தார்.

ஜனவரி 24, வியாழக்கிழமை பதில் வந்தது. பிளாங்கெட்டின் கீழ் ஒப்புதல் இல்லை. நிறுவனம் விரும்பினால் யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் தனி மனுப் போடலாம்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் படிக்கவே இல்லை. 'ரிஜெக்ட் ஆயிட்டேன்' என்றுதான் சொன்னார், வேலையிலிருந்தே நீக்கிவிட்டது போல. பிளாங்கெட்டில் மறுப்பது ஆளையே மறுப்பதல்ல, 'இந்த ஜன்னலில் இதைத் தீர்க்க முடியாது' என்பதுதான் அதன் பொருள். இனி எந்த அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தாலும் முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டும், அதை மறைக்கக் கூடாது. அதற்கு மேல் அதில் கறை ஒன்றும் இல்லை.

பனி கொடுத்த சாட்சி

ஜனவரி கடைசியில் வடதுருவக் குளிர்காற்று அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்கள் மேல் இறங்கியது. மிச்சிகனும் தப்பவில்லை. 30-ம் தேதி இரவு நம் நேரப்படி ஒன்பதரைக்கு அந்த ஆலையிலிருந்து இவருக்கு மெயில் வந்தது. சோதனை முறையில் ஓட்டிக்கொண்டிருந்த இயந்திரம் அன்று காலை வந்த குழாய்களில் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லையாம், எல்லாமே பச்சை. அவர்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார்கள்.

இவர் அதைப் படித்துவிட்டு, மாமனார் வீட்டு ஹாலில் சூட்கேஸ் மேல் லேப்டாப்பை வைத்துப் பதில் எழுதினார். குழாய்கள் எங்கே கிடந்தன, எத்தனை மணி நேரம் உள்ளே வைத்திருந்தீர்கள், அழுத்த வரைபடத்தை அனுப்புங்கள். வரைபடம் வந்தது. கோடு இறங்க வேண்டிய இடத்தில் மேலே வளைந்திருந்தது. நான்கு மணி நேரம் உள்ளே வைத்திருந்து மறுபடி சோதியுங்கள் என்றார். சோதித்தார்கள். ஏழு குழாய்கள் கசிந்தன.

மறுநாள் அந்த மெயில்களை எனக்கு அனுப்பி, "இந்த நெலமையிலயும் வேலை பாக்கறேன் பாருங்க மேடம்" என்று எழுதியிருந்தார், புலம்பலாகத்தான். எனக்கு அவை வேறு மாதிரி தெரிந்தன. வக்கீலுக்குப் போன் போட்டேன்.

பிப்ரவரி 6-ல் தனி மனு போனது. கடிதத்தை இந்தத் தடவை பொறியாளரே பேச, நான் எழுத, வக்கீல் வெட்டினார். முதல் பத்தியிலேயே குழாய் வந்தது. முப்பது ஆபரேட்டர்களுக்கும் இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அட்டவணையில். வளைந்த கோட்டின் படமும் அந்த மெயில்களும் இணைப்பில். மனுக் கட்டணம் 460 டாலர், மோசடித் தடுப்புக் கட்டணம் 500, பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்பதற்கான பிரீமியம் 1,410. ஆக, வக்கீல் செலவு போக 2,370 டாலர் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு. நான் எழுதிய நான்கு பக்கத்தின் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19-ல் ஒப்புதல் வந்தது. கூடுதல் ஆவணம் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 8-ல் மறுபடி நேர்காணல். வில்லங்கச் சான்றை வீட்டில் வைத்துவிட்டுப் போனாரா என்று கேட்டேன். இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருக்கிறார். ஜன்னலில் வேறோர் அதிகாரி. என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். இவர் குளிர்ந்த குழாயில் ஆரம்பித்து அழுத்தம் ஏறுகிற இடத்துக்கு வந்தபோது, அதிகாரி கையை உயர்த்தி, "போதும், உங்கள் விசாவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டேன்" என்றாராம். சொல்லி முடிக்க விடவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். 13-ம் தேதி பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. முதல் நேர்காணலிலிருந்து எண்ணினால் 92 நாள்.

கோப்பில் மூடாத பக்கம்

நிறுவனக் கணக்கில் இது வெற்றிகரமாக முடிந்த வழக்கு. என் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன். விசா கைக்கு வரும்வரை சேரும் தேதியை நியமனக் கடிதத்தில் போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மனைவி விஷயம் அறிக்கையில் இல்லை. ராஜினாமா செய்த இடத்தில் ஜனவரியிலேயே ஆள் போட்டுவிட்டார்கள். நிராகரிப்பு வந்த வாரத்தில் அவர் பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறார், அடுத்த ஜூனில் பார்க்கலாம் என்றார்களாம். எல்-2 விசாவில் கணவரோடு போனவருக்கு அங்கே வேலை செய்ய உரிமை உண்டு. ஆனால் 2019-ல் அதற்குத் தனியாக இஏடி என்னும் வேலை அனுமதி அட்டை வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்கா போய் இறங்கிய பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், அப்போதைய கட்டணம் 410 டாலர், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். எல்-2 துணைவர்களுக்கு அந்த அட்டையே தேவையில்லை என்று ஆனது 2021 நவம்பரில்தான்.

2019 ஏப்ரல் முதல் வாரம் மனைவி விண்ணப்பம் போட்டார். ஜூலையில் நான் அந்த நிறுவனத்தை விட்டு விலகினேன். கடைசி நாளன்று பொறியாளரிடம் பேசியபோது, இயந்திரம் நன்றாக ஓடுவதாகவும் அடுத்த குளிர்காலத்துக்கான கணக்கை எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். "வீட்டில எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஸ்டேட்டஸ் பாக்கறா மேடம்" என்றார்.